எதிரெதிர்ப் படையில் பிள்ளைகள்! ரேடியோவில் தாலாட்டுப் பாடிய தாய்!

மார்கழி மாதம் வந்துவிட்டால் சோளிங்கரில் இரண்டு விதமான பாட்டுகள் கேட்கும்.

விடியற்காலையில் திருப்பாவை. நரசிம்மர் மலையைச் சுற்றிப் பனி விலகுவதற்கு முன்பே அது எழும். இரவில் வேறு பாட்டு. கிறிஸ்தவ வாலிபர்களும், பெண்களும், குழந்தைகளும் கூட்டமாகச் சேர்ந்து வீடு வீடாகப் போய்ப் பாடுவார்கள். இராணிப்பேட்டை, வேலூர், ஆம்பூர் எங்கும் இதே காட்சிதான். முன்னால் விளக்கு போகும். பின்னால் மேளம் போகும். வாசலில் பாட்டுச் சத்தம் கேட்டதும் தூங்கிக்கொண்டிருக்கும் பிள்ளைகள் கூட எழுந்து ஓடி வருவார்கள்.

அந்தப் பாட்டுகளில் ஒன்று மிகவும் மெதுவானது. அதைப் பாடும்போது மேளம் வேண்டியதில்லை. அது குழந்தையைத் தூங்க வைக்கிற பாட்டு. தொழுவத்தில் பிறந்த குழந்தையையும், பக்கத்தில் விழித்திருக்கும் தாயையும் பற்றிய பாட்டு.

ஆங்கிலத்தில் அதற்குச் 'சைலன்ட் நைட்' என்று பெயர். அமைதியான இரவு என்று அர்த்தம். ஜெர்மன் மொழியில் பிறந்த அந்தப் பாட்டு இன்று 300-க்கும் மேற்பட்ட மொழிகளில் பாடப்படுகிறது. தமிழிலும் பாடுகிறார்கள்.

இந்தப் பாட்டைப் பாடாத பெரிய பாடகர்கள் மேல்நாட்டில் குறைவு. ஆனால் ஒரு தாய் பாடியது மட்டும் தனிக்கதை. பத்து ஆண்டுகள், கிறிஸ்துமஸ்தோறும், அமெரிக்கா முழுவதும் அந்தத் தாயின் குரலுக்காகக் காத்திருந்தது.

ஏன் அப்படி? அவர் யார்?

அதைச் சொல்லுமுன் பாட்டு பிறந்த கதையைச் சொல்ல வேண்டும்.

ஆற்றால் பிரிந்த ஊர்

ஆஸ்திரியா நாட்டில் சால்ஸ்பர்க் நகரத்துக்குப் பக்கத்தில் ஓபன்டார்ஃப் என்று ஒரு சிற்றூர். சால்சாக் என்ற ஆற்றின் கரையில் இருக்கிறது.

நெப்போலியன் நடத்திய யுத்தங்கள் 1815-ம் ஆண்டில் ஓய்ந்தன. மறு ஆண்டு ராஜாக்கள் பூமியைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். அந்த ஆறே எல்லைக்கோடு ஆயிற்று. அதுவரை ஆற்றின் இரண்டு கரையிலும் ஒரே ஊராக இருந்தவர்கள், 1816-ம் ஆண்டில் இரண்டு நாட்டுக்காரர்கள் ஆனார்கள். அக்கரை பவேரியா. இக்கரை ஆஸ்திரியா.

இக்கரையில் இருந்த கோவிலுக்கு ஜோசப் மோர் என்ற இளம் பாதிரியார் உதவிக் குருவாக வந்தார். அவர் ஏழை வீட்டுப் பிள்ளை. தகப்பன் ஒரு சிப்பாய். படையை விட்டு ஓடிப்போனவன். பிள்ளை பிறந்தபோது அவன் கூட இல்லை. தாய் பின்னல் வேலை செய்து மகனை வளர்த்தாள்.

மோர் பாதிரியார் 1816-ம் ஆண்டிலேயே ஒரு பாட்டு எழுதி வைத்திருந்தார். 1818-ம் ஆண்டு டிசம்பர் 24-ந் தேதி அதை எடுத்துக்கொண்டு ஃபிரான்ஸ் குரூபரிடம் போனார். குரூபர் பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூட வாத்தியார். "இதற்கு மெட்டு வேண்டும். கிதார் வாசித்துக்கொண்டு இரண்டு பேர் பாடுகிற மாதிரி இருக்க வேண்டும்" என்று பாதிரியார் கேட்டார்.

அன்றைக்கே மெட்டு தயார்! அன்று இரவே கோவிலில் அரங்கேற்றம்! பாதிரியார் மேல் குரலில் பாடி, கிதார் வாசித்தார். வாத்தியார் கீழ்க் குரலில் பாடினார். கடைசி அடிகளைக் கூட இருந்தவர்கள் திருப்பிப் பாடினார்கள்.

கோவில் ஆர்கன் பெட்டியை எலி கடித்துவிட்டது, அதனால்தான் கிதார் வந்தது என்று ஒரு கதை சொல்வார்கள். அதற்கு ஆதாரம் கிடையாது.

கையுறை வியாபாரிகள்

சிற்றூர்க் கோவிலில் பாடிய பாட்டு உலகத்துக்கு எப்படிப் போயிற்று? இராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கத்தில் கையுறை தைக்கிறவர்களுக்கு இந்தச் செய்தி வேடிக்கையாக இருக்கும்.

ஆஸ்திரிய மலைநாட்டில் ஸ்டிராசர் என்ற ஒரு குடும்பம் இருந்தது. கையுறை செய்து விற்பது அவர்கள் தொழில். ஜெர்மனியில் லைப்சிக் நகரத்துச் சந்தைக்குச் சரக்கு கொண்டு போவார்கள். அந்தக் குடும்பத்தாருக்கு நல்ல குரல். 1830-களின் தொடக்கத்தில் அவர்கள் லைப்சிக்கில் இந்தப் பாட்டைப் பாடினார்கள். கேட்டவர்கள் மயங்கினார்கள்.

அதே மலைநாட்டைச் சேர்ந்த ரைனர் என்ற பாடகர் குடும்பம் 1839-ம் ஆண்டில் இந்தப் பாட்டை அமெரிக்காவில் நியூயார்க் வரைக்கும் கொண்டு போயிற்று.

பாட்டு உலகம் சுற்றியது. எழுதியவருக்கு ஒன்றும் வரவில்லை. மோர் பாதிரியார் 1848-ம் ஆண்டில் ஏழையாகவே இறந்தார்.

"தையல் மிஷின் வாங்கிக்கொள்!"

இப்போது அந்தத் தாயின் கதைக்கு வருவோம்.

பெயர் எர்னஸ்டின். பிறந்தது 1861-ம் ஆண்டு ஜூன் 15-ந் தேதி, பிராக் நகரத்தை அடுத்த லிபென் என்ற ஊரில். அப்போது அது ஆஸ்திரியப் பேரரசில் இருந்தது. தகப்பனார் ராணுவத்தில் வேலை பார்த்தவர். சம்பளம் குறைவு. வீட்டில் அரை வயிற்றுச் சாப்பாடு.

சின்ன வயதில் பசி தாங்க முடியாமல் ஒரு சர்க்கஸ் கூடாரத்துக்குப் போய், குரங்குக் கூண்டுகளைக் கழுவிக் கொடுத்து, அதற்குக் கூலியாகச் சாப்பாடு வாங்கித் தின்றாராம். பெரிய பாடகியான பிறகு அவரே இதைச் சிரித்துக்கொண்டே சொல்லுவார்.

பெண்ணுக்குக் குரல் அபூர்வமான குரல். கீழ்ஸ்தாயியில் இறங்கினால் வீணையின் மந்திரத் தந்தி மாதிரி அதிரும். அந்தக் குரலை நம்பி வியன்னா நகரத்து அரசாங்க நாடக சபைக்குப் போனார்.

அங்கே இருந்த பெரிய மனிதர் எர்னஸ்டினை ஏற இறங்கப் பார்த்தார். பழைய உடை. சாதாரண முகம். "இந்த முகத்தை வைத்துக்கொண்டு பாடகியாவது? ஊருக்குப் போ. யாரிடமாவது சொல்லி ஒரு தையல் மிஷின் வாங்கிக்கொள்" என்று திருப்பி அனுப்பிவிட்டார். இதுவும் அவரே சொன்ன கதைதான்.

எர்னஸ்டின் தையல் மிஷின் வாங்கவில்லை. 1878-ம் ஆண்டில், 17 வயதில், டிரெஸ்டன் நகரத்து இசை நாடக மேடையில் ஏறினார். முதல் வேஷமே ஒரு கிழவி வேஷம். பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்த தாயின் வேஷம்! பிற்காலத்தில் அவர் வாழ்க்கையிலும் அதுவே நடக்கப் போகிறது என்று அன்று யாருக்குத் தெரியும்?

குடும்ப பாரம்

1882-ம் ஆண்டில் ஹைங்க் என்பவரைக் கல்யாணம் செய்துகொண்டார். நாடக சபையின் அனுமதி இல்லாமல் செய்துகொண்டார்கள் என்று இரண்டு பேருக்கும் வேலை போயிற்று.

பிள்ளைகள் நான்கு. கடனோ கழுத்து மட்டும். கணவர் கைவிட்டுப் போய்விட்டார். கடன்காரர்கள் வீட்டுச் சாமான்களைத் தூக்கிக்கொண்டு போனார்கள். எர்னஸ்டின் ஹாம்பர்க் நகரத்தில் சின்னச் சின்ன வேஷம் போட்டுப் பிள்ளைகளைக் காப்பாற்றினார்.

ஒரு நாள் பெரிய பாடகிக்கும் நாடக முதலாளிக்கும் சண்டை. பாடகி வர மறுத்துவிட்டார். "நீ பாடுவாயா?" என்று எர்னஸ்டினைக் கேட்டார்கள். ஒத்திகை கிடையாது. துணிந்து மேடை ஏறினார். அன்றோடு கஷ்டம் விலகத் தொடங்கியது.

பிறகு ஷூமன் என்ற நடிகரை மணந்தார். இன்னும் மூன்று பிள்ளைகள் பிறந்தார்கள். ஷூமனுக்கு ஏற்கனவே ஒரு மகன் உண்டு. அந்த மூத்தாள் மகனையும் தன் பிள்ளையாகவே வளர்த்தார். இரண்டு கணவர்களின் பெயரும் சேர்ந்து 'ஷூமன்-ஹைங்க்' என்று உலகம் அவரை அழைத்தது.

1898-ம் ஆண்டில் அமெரிக்காவுக்குப் போனார். போன இடம் பிடித்துப் போயிற்று. அங்கே பிறந்த கடைசி மகனுக்கு ஜார்ஜ் வாஷிங்டன் என்றே பெயர் வைத்தார்! பின்பு அமெரிக்கக் குடியுரிமையும் பெற்றார். ஆனாலும் ஜெர்மனியின் பைராய்ட் நகரத்து இசை விழாவுக்குப் பாடப் போய் வருவார். தலைமகன் ஆகஸ்ட் ஜெர்மனியிலேயே இருந்தார். வியாபாரக் கப்பலில் மாலுமி வேலை.

எம்டன் காலத்து யுத்தம்

1914-ம் ஆண்டில் முதல் உலக யுத்தம் மூண்டது.

அந்த யுத்தத்தைத் தமிழர்கள் மறக்கவில்லை. 1914 செப்டம்பர் 22-ந் தேதி இரவு ஜெர்மன் கப்பல் 'எம்டன்' சென்னைத் துறைமுகத்துக்கு வந்து குண்டு போட்டது. எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. "அவன் பெரிய எம்டன்" என்று இன்றும் சொல்கிறோமே, அது அன்றைக்கு வந்த வார்த்தைதான்.

இந்தியாவிலிருந்து பத்து லட்சத்துக்கும் அதிகமான பேர் அந்த யுத்தத்துக்காகக் கடல் கடந்தார்கள். பாலாற்றங்கரையின் தோல் தொழிலுக்கும் அதில் சம்பந்தம் உண்டு. சிப்பாய்களின் பூட்சுக்கு மேல்தோல் வேண்டும் என்று, சென்னை மாகாணத்தில் பதனிட்ட தோலைச் சர்க்கார் வாங்கிச் சீமைக்கு அனுப்பியது.

பிரான்சு, பெல்ஜியம் நாடுகளில் இரண்டு பக்கத்துச் சிப்பாய்களும் பதுங்கு குழி வெட்டி எதிர் எதிரே கிடந்தார்கள். 1914 டிசம்பர் 24-ந் தேதி இரவு. கடுங்குளிர். ஜெர்மன் குழிகளிலிருந்து ஒரு பாட்டு எழுந்தது. அதே தாலாட்டுப் பாட்டு! எதிர்க்குழியிலிருந்த ஆங்கிலேயச் சிப்பாய்களும் தங்கள் பாட்டைப் பாடினார்கள். பல இடங்களில் துப்பாக்கிகள் ஓய்ந்தன. மறுநாள் இரண்டு பக்கத்தாரும் வெளியே வந்து கை குலுக்கினார்கள். இறந்தவர்களை அடக்கம் செய்தார்கள். நமது கார்வால் படைச் சிப்பாய்களும் அப்போது அந்த முனையில் இருந்தார்கள்.

மேலதிகாரிகளுக்கு இது பிடிக்கவில்லை. இனி இப்படி நடக்கக்கூடாது என்று கண்டிப்பான உத்தரவு போட்டார்கள். சண்டை இன்னும் நான்கு வருஷம் நடந்தது.

கடலுக்கு மேலே தம்பிகள்! கடலுக்கு அடியில் அண்ணன்!

1917-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் அமெரிக்காவும் ஜெர்மனிமீது போர் தொடுத்தது.

எர்னஸ்டின் அம்மையார் வீட்டில் என்ன நடந்தது? மகன் ஹென்றி அமெரிக்கக் கடற்படையில் இருந்தார். கடைசிப் பிள்ளை ஜார்ஜ் வாஷிங்டனும் அதே படையில். மூத்தாள் மகன் வால்ட்டரும் அதே படையில்.

தலைமகன் ஆகஸ்டோ ஜெர்மனியில். மாலுமியாக இருந்த அவரை ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பலில் சேர்த்துவிட்டார்கள்.

ஜெர்மன் நீர்மூழ்கிகள் கடலுக்கு அடியில் மறைந்திருந்து எதிரிக் கப்பல்களை மூழ்கடிக்கும். அந்த நீர்மூழ்கிகளைத் தேடிப் பிடித்து அழிப்பதுதான் அமெரிக்கக் கடற்படைக்கு அப்போது முக்கியமான வேலை. அண்ணன் ஏறிய கப்பலைத் தம்பிகளின் படை தேடிக்கொண்டிருந்தது. யார் ஜெயிக்க வேண்டும் என்று அந்தத் தாய் எந்த வாயால் பிரார்த்தனை செய்வாள்?

அம்மையார் மூலையில் உட்கார்ந்துவிடவில்லை. அமெரிக்கப் படை முகாம்களுக்குப் போய்ச் சிப்பாய்களுக்குப் பாடினார். யுத்த நிதிக்காகப் பாடினார். செஞ்சிலுவைச் சங்கத்துக்காகப் பாடினார். சிப்பாய்கள் அவரை 'அம்மா' என்றே கூப்பிட்டார்கள்.

யுத்தத்தில் ஆகஸ்ட் மாண்டு போனார். நீர்மூழ்கிக் கப்பலோடு போய்விட்டார்.

ஊர் மெச்ச அழுவதற்கும் வழியில்லை. இறந்தவன் எதிரிப் படைக்காரன் அல்லவா? அமெரிக்காவில் அப்போது ஜெர்மன் என்ற பேச்சே ஆகாது. பள்ளிக்கூடங்கள் பலவற்றில் ஜெர்மன் பாடத்தை எடுத்துவிட்டார்கள். நியூயார்க் பெரிய நாடக அரங்கில் ஜெர்மன் இசை நாடகங்களை நிறுத்தினார்கள். பெற்ற மகனைத் தாலாட்டிய மொழியில் வாய் திறந்து பாட முடியாத நிலைமை!

அந்த இரவு

யுத்தம் 1918-ம் ஆண்டு நவம்பர் மாதம் முடிந்தது. எட்டு வருஷம் கடந்தது.

அது ரேடியோ புதிதாக வந்த காலம். நமது சென்னையிலும் 1924-ம் ஆண்டில் கிருஷ்ணசாமி செட்டியார் என்பவர் முயற்சியால் ஒரு ரேடியோ கிளப் தொடங்கி ஒலிபரப்பு நடத்தியது. அமெரிக்காவிலோ ரேடியோ வீட்டுக்கு வீடு பரவிக்கொண்டிருந்தது.

1926-ம் ஆண்டு கிறிஸ்துமஸ் வந்தது. எர்னஸ்டின் அம்மையாருக்கு அப்போது 65 வயது. மைக் முன்னால் நின்றார். அந்த நாளில் பெரிய நிலையங்கள் பாட்டை முன்கூட்டிப் பதிந்து வைத்துப் போடும் வழக்கமில்லை. பாடுகிறவர் அங்கே பாட, அதே நொடியில் இங்கே வீட்டில் கேட்கும். தவறினால் திருத்த வழியில்லை. குரல் உடைந்தால் மறைக்க வழியில்லை.

அவர் தேர்ந்தெடுத்த பாட்டு அந்தத் தாலாட்டுப் பாட்டு. அதை இரண்டு மொழியில் பாடினார். ஜெர்மன் மொழியில் பாடினார். ஆங்கிலத்திலும் பாடினார்.

ஒரு மொழி, கடலுக்கு அடியில் போய்விட்ட மகன் பேசிய மொழி. இன்னொரு மொழி, உயிரோடு திரும்பி வந்த மகன்கள் பேசிய மொழி. எட்டு வருஷத்துக்கு முன்னால் ஒன்றையொன்று சுட்டுக்கொண்ட இரண்டு மொழிகளும், அன்றைக்கு ஒரே தாயின் வாயில், ஒரே மெட்டில், அடுத்தடுத்து வந்தன.

சங்கீதத்தில் பெரிய வித்தை காட்ட அந்தப் பாட்டில் இடமில்லை. தொட்டில் ஆடுகிற தாளம். ஒரு சிறு பிள்ளை கூடப் பாடிவிடலாம். நமது வீட்டில் 'ஆராரோ' பாடுகிற பாட்டிமார் எந்தக் கச்சேரிக்குப் போய்க் கற்றுக்கொண்டார்கள்? தாலாட்டுக்கு வேண்டியது வித்தை அல்ல, பாடுகிறவளின் மனசு. அது அந்தக் குரலில் இருந்தது. ஏழு பெற்று வளர்த்த குரல் அது. பறிகொடுத்த குரலும் அதுதான்.

பாடுகிறவர் யார் என்பது கேட்டவர்களுக்குத் தெரியும். அவர் பிள்ளைகளின் கதை பத்திரிகைகளில் வந்த கதை. யுத்தத்தில் மகனை இழந்த தாய்மார் அந்த நாட்டில் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். தங்கள் துக்கத்தையே அந்த அம்மையார் பாடுவதாக அவர்களுக்குத் தோன்றியது என்றால் அதில் வியப்பில்லை.

அடுத்த கிறிஸ்துமஸ் வந்தது. மறுபடியும் அந்தக் குரல். அதற்கடுத்த கிறிஸ்துமஸிலும் அந்தக் குரல். கிறிஸ்துமஸ் என்றால் ஷூமன்-ஹைங்க் அம்மையார் பாட்டு என்று வழக்கமாகிவிட்டது.

பணம் போயிற்று; பாட்டு போகவில்லை

1929-ம் ஆண்டில் அமெரிக்காவில் பங்கு மார்க்கெட் சரிந்தது. லட்சாதிபதிகள் ஒரே வாரத்தில் ஓட்டாண்டி ஆனார்கள். அம்மையார் ஆயுள் முழுக்கச் சேர்த்த பணமும் போயிற்று.

அவருக்கு அப்போது 68 வயது. பேரன் பேத்தி எடுத்தவர். மறுபடியும் பிழைப்புக்காகப் பாடக் கிளம்பினார். மகாராணி போல் நடித்தவர் சாதாரணக் கொட்டகைகளிலும் பாடினார். 1932-ம் ஆண்டில், 70 வயதில், நியூயார்க் பெரிய நாடக அரங்கில் கடைசியாகத் தோன்றினார். பூமாதேவி வேஷம். 1935-ம் ஆண்டில் ஒரு சினிமாவிலும் நடித்தார்.

இந்தக் கஷ்டத்திலும் கிறிஸ்துமஸ் பாட்டை அவர் விடவில்லை. 1935-ம் ஆண்டு கிறிஸ்துமஸ் வரையில் ரேடியோவில் பாடினார். வயது 74. குரலில் முதுமை தெரிந்தால் என்ன? தாலாட்டு முதுமையில் இன்னும் அழகல்லவா!

1936-ம் ஆண்டு நவம்பர் 17-ந் தேதி ஹாலிவுட்டில் அவர் காலமானார். கிறிஸ்துமஸுக்கு இன்னும் ஐந்து வாரமே இருந்தது. அந்த ஆண்டு பாட்டு இருந்தது. பாடும் தாய் இல்லை.

அவர் குரல் மறைந்துவிடவில்லை. 1908-ம் ஆண்டிலேயே அந்தப் பாட்டை அவர் கிராமபோன் பிளேட்டில் பாடியிருந்தார். இன்று இணையத்தில் தேடினாலும் அந்தக் குரல் கிடைக்கிறது. கரகரவென்ற இரைச்சலுக்கு நடுவே அந்தக் கீழ்ஸ்தாயிக் குரல் வருகிறது.

எந்தத் தாய்க்கும் பொருந்தும்

இந்தக் கதை நமக்குத் தூரத்துக் கதை அல்ல.

வேலூர் மாவட்டத்தில் கம்மவான்பேட்டை என்று ஓர் ஊர் இருக்கிறது. தலைமுறை தலைமுறையாக ஏராளமான பேரை ராணுவத்துக்கு அனுப்பிய ஊர். 'ராணுவப்பேட்டை' என்றே அதற்குப் பெயர். எல்லையில் இருக்கும் மகனுக்காகக் கதவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது என்றால் என்ன என்று அங்கே இருக்கிற தாய்மாருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. எதிர் நாட்டிலும் அப்படி ஒரு தாய் கதவைப் பார்த்துக்கொண்டிருப்பாள் என்பதும் அவர்களுக்குத் தெரியும்.

ராஜாக்கள் ஆற்றின் நடுவில் கோடு போட்ட ஊரில் பிறந்தது அந்தப் பாட்டு. படையை விட்டு ஓடிய சிப்பாயின் மகன் எழுதியது. கையுறை வியாபாரிகள் தூக்கிச் சென்றது. இரண்டு பக்கமும் பிள்ளைகளை அனுப்பிய தாய் பாடியது. அதற்கு எந்தப் படையும் சொந்தம் கொண்டாட முடியாது.

இந்த மார்கழி இரவிலும் சோளிங்கர்த் தெருவில் விளக்கு ஏந்தி ஒரு கூட்டம் வரும். அந்த மெதுவான பாட்டை எடுப்பார்கள். மேளம் ஓயும். திண்ணையில் பேரனை மடியில் போட்டுக்கொண்டு ஒரு பாட்டி உட்கார்ந்திருப்பாள். வார்த்தை புரிந்தாலும் சரி, புரியாவிட்டாலும் சரி, அது தாலாட்டு என்று அவளுக்குத் தெரியும். அவள் கை தானாகவே பேரனைத் தட்டிக் கொடுக்கத் தொடங்கும்.